விருந்தறைச் சுவரும் அதன் வரலாறும்

விருந்தோம்பல் தமிழர்க்குப் புதிதன்று. அதற்கெனத் தனியே ஓர் அறை வகுப்பதே புதிது. நம் முன்னோர் வந்தாரைத் திண்ணையிலே வரவேற்றுக் கூடத்திலே இலையிட்டு அமுது படைத்தனர். இலையெடுத்து இடத்தை மெழுகியபின் அதுவே பிள்ளைகள் படிக்கும் இடமும் முதியோர் படுக்கும் இடமும் ஆயிற்று. இன்றோ மாங்காட்டிலும், அதனைச் சூழ்ந்த பூந்தமல்லி, குன்றத்தூர்ப் பக்கங்களிலும் புதுவீடு கட்டும் நம்மவர் மேசை நாற்காலியிட்டு உண்பதற்குத் தனியறை அமைக்கின்றனர். அவ்வறைச் சுவருக்குக் கருநீலம், கரும்பச்சை, காப்பிக்கொட்டை முதலிய நிறங்களில், கை வைத்தால் மேடுபள்ளம் தட்டும் தாளை ஒட்டும் விருப்பமும் பெருகி வருகின்றது. கடைத்தெருவில் வால்பேப்பர் என வழங்கும் இச்சுவர்த்தாள் எங்கே தோன்றிற்று, எதன்பொருட்டுக் கருநிறம் பூண்டது, நம் நாட்டில் அதன் இடத்தை வகித்த பொருள் யாது என்பவற்றை அறிந்து பின் தெரிந்தெடுத்தலே அறிவுடைமை. ஆதலின் அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றோம்.

சுவருக்கு ஆடை உடுத்தும் வழக்கம் குளிர்நாட்டு வழக்கமாகும். ஐரோப்பாவில் கற்சுவரின் குளிரைத் தடுக்கச் செல்வர்கள் சித்திரத் திரைகளையும், பொன்பூச்சுப் பெற்ற தோலையும் தொங்கவிட்டனர். அவற்றை வாங்கவியலாதார் அவற்றைப் போலச் செய்த தாளை ஒட்டினர். பசை தடவிய தாளின்மீது கம்பளித்தூளைத் தூவி வெல்வெட்டுப் போலத் தோன்றச் செய்தலும் உண்டு. இங்கிலாந்தில் இத்தாளின் வாணிகம் எத்துணைப் பெருகிற்றென்பதற்கு, 1712 முதல் 1836 வரை அதன்மீது அரசாங்கம் வரி விதித்திருந்ததே சான்றாகும்.

உண்ணும் அறையைப் பற்றியோ அந்நாட்டாரே வேறு கருத்துக் கொண்டிருந்தனர். புகழ்பெற்ற கட்டடக் கலைஞரான இராபர்ட் ஆடம் 1773-இல் வெளியிட்ட நூலில், உணவறைச் சுவர்களுக்குத் துணியும் திரையும் ஆகா, சுதைப்பூச்சே தகும் என்றும், அஃது உணவின் நாற்றத்தைப் பற்றிக்கொள்ளாதது என்றும் காரணங் காட்டியுள்ளார். தாளிப்பும் மசாலையும் மிகாத நாட்டினரே இங்ஙனம் கருதினரென்றால், நம் சமையலின் மணம் எட்டும் சுவருக்கு இவ்வெச்சரிக்கை எத்துணை வேண்டுமென்பதை அன்பர்களே உணர்க.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கருத்து மாறிற்று. விளக்கொளியில் பொற்சட்டமிட்ட படங்களும் வெள்ளிப் பாத்திரங்களும் மின்னவேண்டுமாயின் பின்னே உள்ள சுவர் இருண்டிருத்தல் நலமெனக் கொண்டு, உணவறைக்குக் கருஞ்சிவப்பும் கரும்பச்சையும் தெரிந்தெடுத்தனர். 1877-இல் பிரெடெரிக் வால்ட்டன் என்பார் ஆளிவிதை எண்ணெயைக் கெட்டியாக்கி, அதில் பூவேலைகளை மேடாக அழுத்தி, லின்க்ரஸ்டா என்னும் சுவர்ப்போர்வையைச் செய்தார். லினோலியம் என்னும் தரைவிரிப்பை முன்னரே கண்டுபிடித்தவரும் அவரே. தோலும் மரமும் போலத் தோன்றினும், அஃது ஈரத்துணியால் துடைக்கத் தக்கது. உணவறைகளில் அது பரவியதற்கு அழகோடு அவ்வியல்பும் காரணமாயிற்று.

அக்காலத்துக் கருநிற உணவறைகளில் தலையாயது இலண்டனில் கப்பல் வணிகர் லேலண்டு என்பவருடைய மாளிகையில் இருந்தது. 1876-77-இல் ஓவியர் விஸ்லர் அவ்வறையின் பழந்தோற் சுவரின்மேல் நீலப்பச்சை வண்ணம் தீற்றிப் பொன்மயில்களை வரைந்தார். வீட்டுக்குரியவர் வேண்டிய அளவுக்கு மேலாக வேலை வளர்ந்து, கூலியைப் பற்றிய பிணக்கும் வளர்ந்து, நட்பு முறிந்தது. அறை இன்று வாஷிங்டன் நகரத்துக் காட்சிசாலையில் இருக்கின்றது, நட்போ மீளவில்லை. விருந்துக்கென எடுத்த சுவர் இருவரைப் பகைவராக்கிய கதை இது.

பச்சைத் தாளுக்கு வேறொரு தீய வரலாறும் உண்டு. 1775-இல் ஷீலே என்னும் வேதியியலார் கண்ட பச்சை வண்ணம் பாஷாணம் கலந்தது. அவ்வண்ணம் ஏறிய பொருள்களில் பூஞ்சணம் பற்றினால் நச்சுவாயு எழுமென்பதை 1890களில் இத்தாலிய மருத்துவர் கோசியோ ஆய்ந்து காட்டினார். இக்காலத் தாள்களில் அப்பாஷாணம் இல்லை. ஆயினும் ஈரமும் பசையும் கூடுமிடத்தில் பூஞ்சணம் வளரும் என்னும் இயற்கை மாறவில்லை.

இனி, அவ்வாங்கிலேயர் சென்னைக்கு வந்தபொழுது செய்தது யாது? இங்கே அவர்கள் பெரிதும் கைக்கொண்டது நம் சுண்ணத்தையே. நம் சொல்லே அவர்கள் நாவில் 'சூனம்' எனத் திரிந்து அவர்தம் அகராதியிலும் ஏறிற்று. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, மணல் சேர்த்து, வெல்லநீர் விட்டு அரைத்து முதற்பூச்சுப் பூசுவர். அதன்மேல் நுண்ணிய இரண்டாம் பூச்சு. இறுதியில் முட்டை வெண்கரு, தயிர், நெய், மாக்கற்பொடி முதலியன கூட்டிய மென்சுண்ணம் இட்டு, வழவழப்பான கல்லால் நாட்கணக்கில் தேய்த்து, கசியும் ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுப்பர். 1780-இல் சென்னையடைந்த ஓவியர் ஹாட்ஜஸ் இதனைப் பளிங்குக்கு ஒப்பாக மெச்சியெழுதினார். 1802-இல் திறக்கப்பெற்ற விருந்து மண்டபம், 1948 முதல் இராஜாஜி மண்டபம் என வழங்குவது, அக்காலத்து ஆட்சியாளர் விருந்துக்கென்றே எழுப்பிய கட்டடமாகும்.

இதனால் நம் நாட்டார் கருநிறச் சுவரையும் சித்திரச் சுவரையும் அறியார் என்று கொள்ளற்க. நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் பாண்டியன் அரண்மனையில் வெள்ளிபோல் விளங்கும் சுதையும், நீலமணிபோற் கருத்துத் திரண்ட தூண்களும், செம்பினாற் செய்தாற்போன்ற நெடுஞ்சுவரும், அச்சுவரில் பல பூக்களோடு வளைந்தோடும் கொடியோவியமும் ஒருங்கே காணப்படுகின்றன. பத்மநாபபுரம் அரண்மனையில் தளந்தோறும் ஆயிரவர் உண்ணத்தக்க இரண்டடுக்கு ஊட்டுப்புரை உள்ளது. அவ்வரண்மனைத் தரைகளின் கருமைக்குச் சிரட்டைக்கரியும் சுண்ணமும் முட்டை வெண்கருவும் சேர்ந்த கலவையே காரணமென்பர். செட்டிநாட்டு மாளிகைகளிலோ, முட்டைச் சுண்ணம் இழைத்த வெண்சுவரின் அடிப்பகுதியில் ஜப்பானியப் பூவோடுகளைப் பதித்தனர். கையும் தோளும் படும் கீழிடத்தில் கழுவத்தக்க வண்ண ஓடு, ஒளி பரவவேண்டிய மேலிடத்தில் வெண்மை என்பதே அவர்கள் கண்ட முறை.

இவற்றை மாங்காட்டோடு பொருத்திக் காண்போம். சென்னைப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அதன் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ப்பது. செம்பரம்பாக்கம் ஏரியோ அண்மையில் உள்ளது. தாழ்ந்த தெருக்களில் நீர் தேங்குதலும் உண்டு. ஈரமுறிஞ்சிய செங்கற்சுவரின்மேல் பிளாஸ்டிக் முகங்கொண்ட தாளை ஒட்டினால், உள்ளீரம் வெளியேற வழியின்றிப் பின்னே தங்கும். பசையைப் பூஞ்சணம் உண்ணும். தாளைக் கறையான் உண்ணும். பூத்த உவர் கருநிறத்தின்மேல் வெண்டிட்டாகத் தோன்றி முதலிலேயே காட்டிக்கொடுக்கும். சுண்ணச் சுவரோ ஈரத்தை வாங்கி வெளியிடும். அதன் காரத்தன்மை பூஞ்சணத்தை எளிதில் அண்டவிடாது.

பொருளின் இயல்பறிந்து போற்றுதலை மாங்காடு காமாட்சியம்மன் திருக்கோயிலிலேயே காணலாம். அங்குள்ள அர்த்தமேரு எட்டு மூலிகைகளாலானது என்பது தலமரபு. ஆதலின் அதற்கு நீராட்டு இல்லை. குங்கும அர்ச்சனையே உண்டு. எப்பொருளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று பகுத்தறிந்த மரபில் வந்தவர் நாம்.

ஆகவே கருநிற விருப்பமுடையார்க்கு நாம் கூறுவது இது. வெளிமழை தாக்காத உட்சுவர் ஒன்றனை மட்டும் தேர்க. ஒரு மழைக்காலம் கடந்தும் அது உலர்ந்திருத்தலைக் கண்டபின் தாளொட்டுக. மேடுபள்ளம் மிக ஆழமாயின் எண்ணெய்ப்பிசுக்கும் தூசும் தங்கும். ஆதலின் துடைக்கத்தக்க மென்மேட்டையே கொள்க. ஏனைச் சுவர்கள் வெண்மையாகவே நின்று ஒளி தரட்டும். நிறமொன்றே வேண்டுவோர்க்குச் சுண்ணத்தில் காவியும் கரியும் கலந்து பூசும் வழியும் உண்டு. பழைய வீடுடையாரை மட்டும் வற்புறுத்தி வேண்டுகின்றோம்: தாள் ஒட்டுவதற்காக முன்னோர் இழைத்த சுண்ணச் சுவரைக் கொத்தி எறியற்க. அதனை மீள இழைக்கவல்ல கொத்தனார் அருகி வருகின்றனர். போன சுவர் திரும்பாது.

உண்ணுமிடம் ஒருகாலத்தில் இன்னார் புகலாம், இன்னார் புகலாகாது என வரம்பிட்டுப் பிறர் கண்படாமல் மறைக்கப்பட்டிருந்தது. இன்று அதனைத் தனியறையாக்கி, வருவார் காண அழகும் செய்கின்றோம். அவ்வழகு கடன்பட்டுக் காட்டும் ஆரவாரமாக முடியாமல், வருவோர் யாவராயினும் முகமலர்ந்து இலையிடும் இடமாக விளங்குக. சுவர் கருத்திருப்பினும் வெளுத்திருப்பினும், வாயில் திறந்திருத்தலே விருந்தறைக்கு அழகு.