குதிரா... பத்தாயமா?

‘எங்கப்பன் குதிருக்குள்ளே இல்லை!’

வாசலில் வந்து நின்ற கடன்காரனிடம், அவன் கேட்காமலேயே பையன் சொன்ன பதில் இது. அப்பன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்பது அந்த நிமிஷமே கடன்காரனுக்குத் தெரிந்துபோயிற்று. பழமொழியைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். கொஞ்சம் நில்லுங்கள். ஒரு முழு மனுஷன் உள்ளே இறங்கி உட்காரும் அளவுக்கு ஒரு மண்கூடு, சாதாரண சம்சாரியின் வீட்டுக்குள்ளே இருந்திருக்கிறது!

தஞ்சாவூர்ச் சீமையில் அந்தக் குதிரை யாரும் சந்தையில் வாங்கவில்லை. (குதிரை என்றதும் லாயத்துக்குப் போய்விடாதீர்கள். குதிர் + ஐ!) வாங்கினாலும் வாசற்படி தாண்டி உள்ளே வந்திருக்காது. களிமண்ணோடு வைக்கோலும் உமியும் சேர்த்து மிதித்து, வளையம் வளையமாகச் செய்து காயவைத்து, வீட்டுக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சந்தில் மண் பூசி எழுப்புவார்கள். பல வீடுகளில் இது பெண்களின் கைவேலை. மேலே நெல் கொட்ட ஒரு வாய், கீழே நெல் எடுக்க ஒரு துளை. விரிசல் விட்டதா? கொஞ்சம் மண்ணையும் சாணத்தையும் குழைத்துப் பூசினால் தீர்ந்தது. செலவு, உடம்பு நோவு மட்டும்தான்.

வசதியான வீடுகளில் பத்தாயம். ஆசாரியை வரவழைத்து, மரப்பலகைகளைக் கச்சிதமாகப் பொருத்தி, மேலே மூடி போட்டுப் பூட்டும் வைத்துவிடுவார்கள். பார்க்க லட்சணம். எலி சுலபத்தில் நுழையாது. ஆனால் ஒரு பலகை இற்றுப்போனால் மறுபடி ஆசாரிதான் வர வேண்டும். அவர் வேறு ஊர் கல்யாண வீட்டுக் கட்டிலில் மும்முரமாக இருந்தால், காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கும் மேலே போனால் கோயில். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில், நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இன்றைக்கும் நிற்கிறது. சுமார் 36 அடி உயரம். 3,000 கலம் நெல் கொள்ளும் என்பது கணக்கு. ஒரு கலம் என்பது 12 மரக்கால். பெருக்கிப் பாருங்கள், தலை சுற்றும்.

இப்போது டெல்டாவில் வீட்டுக்குள் வருஷத்து நெல்லை வைத்திருப்பவர்கள் அபூர்வம். அறுவடை மெஷின் கொட்டியதும் நெல் நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. குதிர் இருந்த மூலை காலி. ஆனால் வீடு காலியாக இல்லை, சார்! வேறு ஒரு மகசூல் வந்து குவிந்துகொண்டிருக்கிறது. செல்போனில் எடுத்த ஆயிரக்கணக்கான போட்டோக்கள், கல்யாண வீடியோ, நிலப் பத்திரங்களின் ஸ்கேன், போய்ச் சேர்ந்துவிட்ட பாட்டியின் குரலில் பதிவான ஒரே ஒரு தாலாட்டு... இதையெல்லாம் எங்கே கொட்டி வைப்பது?

மாச வாடகைக்கு இணையத்தில் இடம் பிடிக்கலாம். அது கோயில் களஞ்சியம் மாதிரி. வேண்டாம், நம் பொருள் நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்பவர்களுக்கு ‘நெட்வொர்க் ஸ்டோரேஜ்’ பெட்டி. உள்ளே இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்க். வை-ஃபை ரௌட்டரோடு இணைத்துவிட்டால் வீட்டில் உள்ள எல்லா போனும் கம்ப்யூட்டரும் அதில் போடலாம், எடுக்கலாம். இதில்தான் அந்தப் பழைய கேள்வி புது வேஷம் கட்டிக்கொண்டு வருகிறது. கடையில் ரெடிமேடாக வாங்குவதா? பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தட்டிக்கொட்டி நாமே செய்துகொள்வதா? குதிரா, பத்தாயமா?

பதில் தேடி நான் கம்ப்யூட்டர் கடைக்குப் போகப்போவதில்லை. திருவாவடுதுறைக்குப் போகிறேன். நீங்களும் வாருங்கள்.

1871-ல் உத்தமதானபுரத்துப் பையன் ஒருவன் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவனாகச் சேர்ந்தான். பிற்பாடு தமிழ்த் தாத்தா என்று நாம் கொண்டாடும் உ.வே.சாமிநாதையர்தான் அது. அந்தக் காலத்து மாணவனுக்குப் பாடப் புத்தகம் ரெடிமேடாகக் கிடைப்பது கஷ்டம். படிக்கவேண்டிய நூலை ஏட்டில் தானே எழுதிக்கொள்ள வேண்டும். பனையோலையை வெட்டி, பதப்படுத்தி, நிழலில் உலர்த்தி, அளவாக நறுக்கி, துளை போட்டு, எழுத்தாணியால் கீறி, மை தடவி... படிப்பின் பாதி நேரம் இதிலேயே போய்விடும். காசு உள்ளவர்கள் ஏடு எழுதுபவரிடம் கொடுத்து நகல் எடுத்துக்கொள்வார்கள். தானே எழுதியவனுக்கு ஒரு லாபம் உண்டு. ஏட்டில் எங்கே பிழை, எங்கே ஓலை ஒடிந்திருக்கிறது என்பது அவனுக்குக் கைரேகை மாதிரி தெரியும்.

அந்தத் திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையில் ‘வளையாபதி’ ஏட்டை நான் பார்த்திருக்கிறேன் என்று பிற்காலத்தில் எழுதுகிறார் சாமிநாதையர். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று! பிறகு நூல்களைப் பதிப்பிக்கும் ஆர்வத்தோடு தேடியபோது... ஏடு இல்லை. தமிழ்நாட்டில் வேறு எங்கு தேடியும் கிடைக்கவில்லை. இன்று வளையாபதி என்று நம் கையில் இருப்பது, மற்றவர்கள் மேற்கோள் காட்டியதால் தப்பிப் பிழைத்த எழுபத்துச் சொச்சம் பாட்டுகள்தான்.

கவனியுங்கள், அந்த ஏடு இருந்தது கூரை வீட்டுப் பரண் இல்லை. படித்தவர்கள் நிறைந்த, வசதியான ஒரு மடம். பெரிய இடம், நல்ல பெட்டி, கண்காணிக்க ஆள் எல்லாம் இருந்தும் நூல் போயிற்று.

இன்னொரு பக்கம் சீவக சிந்தாமணியைப் பாருங்கள். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த சாமிநாதையரிடம், அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், “சிந்தாமணி படித்ததுண்டா?” என்று கேட்டு வைத்தார். அந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது. ஊர் ஊராக அலைந்து 23 ஏட்டுப் பிரதிகளைச் சேர்த்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, 1887-ல் அச்சில் கொண்டுவந்தார். ஒன்றில் செல்லரித்த வரி இன்னொன்றில் பிழைத்திருந்தது. ஒருவர் தப்பாக எழுதியதை இன்னொருவர் சரியாக எழுதியிருந்தார். வளையாபதிக்கு இல்லாமல் போன பாக்கியம் இதுதான். பல வீடுகள், பல பிரதிகள்.

எல்லா வீடும் ஏட்டைக் காப்பாற்றியது என்று நினைத்துவிடாதீர்கள். ஆடிப்பெருக்கன்று பழைய ஏடுகளைக் காவிரியில் விடுவதைப் புண்ணியம் என்று நினைத்து வந்திருக்கிறோம்! எழுதிய தாத்தா போனபின், பேரனுக்கு அது என்ன கட்டு என்றே தெரியாது. தெரியாத கட்டுக்கு ஆறுதான் கதி.

தஞ்சாவூர் அரண்மனைக்குள்ளும் ஒரு எட்டு எட்டிப் பார்ப்போம். 1798 முதல் 1832 வரை பட்டத்தில் இருந்த இரண்டாம் சரபோஜிக்கு நாடாளும் அதிகாரம் கிடையாது. 1799-லேயே கும்பெனி அதை வாங்கிக்கொண்டுவிட்டது. மிச்சமிருந்த நேரத்தையும் பணத்தையும் மனிதர் புத்தகத்தில் போட்டார். ரெடிமேடா, சொந்தத் தயாரிப்பா என்ற சண்டையே அவரிடம் இல்லை. இரண்டும்தான்! ஐரோப்பிய மொழிப் புத்தகங்களை ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கினார். காசி யாத்திரை போனபோது பண்டிதர்களை அமர்த்திச் சுவடிகளைத் தேடி வாங்கவும், கிடைக்காததை நகல் எடுக்கவும் ஏற்பாடு செய்தார். அரண்மனையில் அச்சுக்கூடமும் வைத்தார்.

இன்று சரஸ்வதி மகாலில் 40,000-க்கும் மேற்பட்ட சுவடிகள் இருக்கின்றன. 1918-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பிறகு, தனியார் வீடுகளில் இருந்த தொகுப்புகளும் அங்கே வந்து சேர்ந்தன. ஜம்புநாத பட் லாண்டகே குடும்பத்துத் தொகுப்பு அப்படி வந்ததுதான். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கற்பூரம் பொடித்து முடிந்த சிறு துணி மூட்டைகளைச் சுவடிகளோடு வைத்துப் பூச்சியைத் தடுப்பது அங்கே பழைய வைத்தியம். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது பட்டியல். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னெல் துரை உட்கார்ந்து சமஸ்கிருதச் சுவடிகளை இனம் பிரித்துப் பட்டியல் போட்டார். 1880-ல் அது லண்டனில் அச்சானது. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே எது காணோம் என்று தெரியும்!

சரி, இப்போது நம் பெட்டிக்கு வருவோம்.

1956-ல் ஐ.பி.எம். செய்த முதல் ஹார்ட் டிஸ்க் ஒரு டன்னுக்கு மேல் எடை. கொள்ளளவு சுமார் 5 மெகாபைட். இன்றைய செல்போன் போட்டோ ஒன்றிரண்டு வைத்தால் ‘ஹவுஸ்ஃபுல்’ போர்டு மாட்டவேண்டியதுதான்! 1988-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூன்று பேர் ஒரு யோசனையை எழுதினார்கள். ஒரே ஒரு விலையுயர்ந்த பெரிய டிஸ்க் எதற்கு? மலிவான டிஸ்க்குகள் பலவற்றை வரிசையாகக் கட்டி, ஒன்று போனாலும் மற்றவற்றிலிருந்து மீட்கும்படி செய்தால் என்ன? இதற்கு ‘ரெய்டு’ என்று பெயர். இன்றைய வீட்டுப் பெட்டிகளுக்கு இதுதான் மூலம்.

2000-ல் தைவானில் தொடங்கிய சினாலஜி, அப்புறம் க்யூநாப் என்று ரெடிமேட் பெட்டிக்காரர்கள் வந்தார்கள். 2005-ல் ஒலிவியே கொஷார்-லாபே என்ற பிரெஞ்சுக்காரர் ‘ஃப்ரீநாஸ்’ என்ற இலவச மென்பொருளை வெளியிட்டார். பழைய கம்ப்யூட்டரில் அதைப் போட்டால், வீட்டுப் பெட்டி தயார். ட்ரூநாஸ் என்று பெயர் மாறி இன்றும் இருக்கிறது. ‘ஓப்பன்மீடியாவால்ட்’ அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி.

ரெடிமேடில் என்ன சௌகரியம்? டிஸ்க்கைச் செருகி, கேட்கிற நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் அரை மணியில் வேலை முடிந்தது. சத்தம் குறைவு, கரண்ட் குறைவு. பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 50 வாட் தின்னும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாத பில்லில் 72 யூனிட். சின்ன ரெடிமேட் பெட்டி 20 வாட் என்றால் 29 யூனிட். ஓசியில் கிடைத்த கம்ப்யூட்டர் என்று சந்தோஷப்படுபவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுவிட வேண்டும்.

சங்கடம் என்ன? ஆசாரி சங்கடம்தான். சாவி அவர் கையில். 2025-ல் சினாலஜி தன் புது மாடல்கள் சிலவற்றில், தான் அங்கீகரித்த டிஸ்க்கைத்தான் போடவேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தது. வாடிக்கையாளர்கள் பிடித்த பிடியில் அதே வருஷம் அக்டோபரில் பெரும்பாலும் தளர்த்திக்கொண்டது. 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்ற கும்பல், இணையத்துக்குத் திறந்திருந்த க்யூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து, ஃபைல்களைப் பூட்டிவிட்டு பிட்காயின் கேட்டது. சொந்தமாகச் செய்த பெட்டி என்றால் திருடன் வரமாட்டான் என்று அர்த்தமில்லை. வாசல் கதவைத் திறந்து வைத்தால் குதிரும் போகும், பத்தாயமும் போகும்.

நாமே செய்வதில் மண் பூசுகிற சுகம் உண்டு. எந்த உறுப்பு கெட்டாலும் கடைத்தெருவில் வாங்கி மாற்றலாம். கம்பெனி கைவிட்டாலும் பெட்டி ஓடும். ஆனால் அதைச் செய்தவர் வேலைக்குத் துபாய் போய்விட்டால்? வீட்டில் இருப்பவர்களுக்கு அது மேஜைக்கு அடியில் உறுமுகிற ஒரு தகர டப்பா. பேரன் கையில் கிடைத்த ஏட்டுக்கட்டு. அடுத்த ஆடிப்பெருக்குக்குப் பழைய இரும்புக்காரர் வந்து எடை போட்டு எடுத்துக்கொண்டு போவார்!

என் கட்சி எது என்று கேட்கிறீர்களா? வீட்டில் இதை ஆசையாகச் செய்கிறவர் ஒருவரும், அவரிடம் கற்றுக்கொள்ளத் தயாராக இன்னொருவரும் இருந்தால் சொந்தத் தயாரிப்பு. ஒரே ஒருவர் மட்டும் என்றால், தயங்காமல் இரண்டு டிஸ்க் போடுகிற ரெடிமேட். பணம் கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை.

ஆனால், எதை வாங்கினாலும் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். ஒரு பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருப்பது இரண்டு பிரதி ஆகாது. ஒரே அலமாரியில் இரண்டு ஏட்டை வைத்துவிட்டுக் கரையானுக்குக் காத்திருக்கிற மாதிரிதான். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலை டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தென்னந்தோப்புகள் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கூரை பறந்த வீட்டில் ரெய்டு என்ன செய்யும்?

அதனால் இன்னொரு பிரதி இன்னொரு ஊரில் இருக்கட்டும். திருவையாற்றில் ஒரு பெட்டி, சென்னையில் மகள் வீட்டில் ஒரு பெட்டி. தினமும் ராத்திரி இது அதற்கும், அது இதற்கும் தானாக நகல் அனுப்பும்படி செய்துவிடலாம். ரெடிமேடிலும் இது முடியும், சொந்தத் தயாரிப்பிலும் முடியும். இரண்டாவது பெட்டிக்குக் காசில்லை என்றால், வெளியே மாட்டுகிற ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, பொங்கலுக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை அக்கா வீட்டில் மாற்றி வைத்துவிட்டு வந்தாலும் போதும். நடுவில் ஒரு யு.பி.எஸ். அவசியம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்க்குக்கு ஆகாது.

கூடவே பர்னெல் துரையின் வேலையையும் செய்துவிடுங்கள். பெட்டியில் என்னென்ன இருக்கிறது, பாஸ்வேர்ட் என்ன, கெட்டால் எப்படித் திறப்பது என்று ஒரு தாளில், தமிழில், மசியால் எழுதி பீரோவில் வையுங்கள். வீட்டில் இன்னும் ஒருவருக்காவது அது இருக்கும் இடம் தெரியட்டும்.

அப்புறம், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை. ஏதாவது ஒரு படத்தை போனிலிருந்து பெட்டிக்கு அனுப்பி, அடுத்த ஊர்ப் பிரதி வரை போகவிட்டு, போனில் அழித்துவிடுங்கள். தாலாட்டு வேண்டாம், முக்கியமில்லாத படமாகப் பார்த்து! பிறகு உங்கள் மனைவியையோ, அப்பாவையோ கூப்பிட்டு, அந்தத் தாளை மட்டும் கையில் கொடுத்து, அந்தப் படத்தை அடுத்த ஊர்ப் பிரதியிலிருந்து திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருங்கள்.