ஹெந்த்ரா செத்தியவான்

ஹெந்த்ரா செத்தியவான் (பிறப்பு: 25 ஆகஸ்ட் 1984, பெமலாங், மத்திய ஜாவா) இந்தோனேசியாவின் இறகுப்பந்து இரட்டையர் ஆட்டக்காரர். ஆண்கள் இரட்டையரில் ஓர் ஒலிம்பிக் தங்கமும் நான்கு உலகப் பட்டங்களும் வென்றவர். முதல் உலகப் பட்டத்துக்கும் கடைசிப் பட்டத்துக்கும் இடையே 12 ஆண்டுகள்; அதற்குள் கூட்டாளி மாறினார், பிரிந்தார், மறுபடி சேர்ந்தார்.

முதல் கூட்டாளி மார்கிஸ் கிடோ, ஹெந்த்ராவைவிட இரண்டு வாரம் மூத்தவர். பின்னால் நின்று துள்ளி ஸ்மாஷ் அடிப்பது கிடோவின் வேலை. ஹெந்த்ரா நெட்டருகே நிற்பார்; எதிராளி திணறித் திருப்பும் ஷட்டிலை ராக்கெட்டை அதிகம் வீசாமலே தட்டி முடித்துவிடுவார். சர்வீஸ் போட்டவருக்கு மட்டுமே புள்ளி என்ற பழைய முறை 2006இல் போய், ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி என்றானது. முதல் மூன்று அடிகளிலேயே ராலி முடியக்கூடிய இரட்டையரில், தவறாத தாழ்வான சர்வீசும் முன்வரிசைக் கையும் முன்னெப்போதையும்விட விலைபெற்றன. இரண்டுமே ஹெந்த்ராவிடம் இருந்தன.

2007இல் கோலாலம்பூரில் தென்கொரியாவின் ஜங் ஜே-சுங், லீ யோங்-டே இணையை 21-19, 21-19 என வென்று இருவரும் உலகப் பட்டம் பெற்றனர். மறுஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியில் உள்ளூர் இணையான சாய் யுன், ஃபூ ஹாய்ஃபெங்கிடம் முதல் செட்டை 12-21 என இழந்தும், அடுத்த இரண்டை 21-11, 21-16 என எடுத்தனர். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் தங்கம். ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்த இணைக்கு இடம் கிடைக்கவில்லை.

அந்த ஆண்டே ஹெந்த்ரா முகமது அஹ்சானோடு சேர்ந்தார். அஹ்சான் அதுவரை ஆடியது கிடோவின் தம்பி போனா செப்தானோவுடன். அண்ணனைப் பிரிந்தவரும் தம்பியைப் பிரிந்தவரும் சேர்ந்த இந்த ஜோடி 2013இல் குவாங்சோவிலும் 2015இல் ஜகார்த்தாவிலும் உலகப் பட்டம் வென்றது. இடையில் 2014இல் ஆல் இங்கிலாந்துப் பட்டமும் ஆசியத் தங்கமும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் குழு ஆட்டங்களிலேயே வெளியேறியதும் இருவரும் பிரிந்தனர். ஹெந்த்ரா மலேசியாவின் டான் பூன் ஹியோங்கோடு சில காலம் ஆடினார். 2010 ஆசிய இறுதியில் அவர் தோற்கடித்த அதே ஆள்! பெரிய பட்டம் எதுவும் அமையவில்லை.

2018இல் அஹ்சானிடமே திரும்பினார். இருவரும் பிள்ளை பெற்றவர்கள் என்பதால் ரசிகர்கள் வைத்த பெயர் 'டாடீஸ்'. கேலியாகத் தொடங்கியிருக்கலாம், 2019க்குப் பிறகு அதில் கேலி மிச்சமில்லை. அவ்வாண்டு ஆல் இங்கிலாந்து இறுதியில் கெண்டைக்கால் காயத்தோடு ஆடிய ஹெந்த்ரா, முதல் செட்டை இழந்தும் பட்டம் வென்றார். ஆகஸ்ட் 25 அன்று, தம் 35ஆம் பிறந்தநாளில், பாசெல் நகரில் ஜப்பானின் ஹோக்கி, கோபயாஷி இணையை 25-23, 9-21, 21-15 என வென்று நான்காம் உலகப் பட்டத்தையும் பெற்றார். அடித்து ஆட வேண்டிய வயதைக் கடந்தவர் நின்ற இடத்திலிருந்தே வென்றார் என்பதே அந்த ஆண்டின் சிறப்பு.

2021 ஜூன் 14 அன்று கிடோ, தாங்கெராங்கில் இறகுப்பந்து ஆடிக்கொண்டிருக்கும்போதே சரிந்து இறந்தார், வயது 36. அடுத்த மாதம் தொடங்கிய டோக்கியோ ஒலிம்பிக்கில் ஹெந்த்ராவும் அஹ்சானும் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் மலேசியாவின் ஆரோன் சியா, சோ வூய் யிக் இணையிடம் தோற்று நான்காமிடம் பெற்றனர். அதே இணை 2022 உலக இறுதியிலும் அவர்களை வென்றது. இடையே 2021 அக்டோபரில் டென்மார்க்கில் இந்தோனேசியா, 2002க்குப் பின் முதன்முறையாகத் தாமஸ் கோப்பையை வென்றபோது அணித் தலைவர் ஹெந்த்ரா.

2025 ஜனவரியில், ஜகார்த்தாவின் இஸ்தோரா செனயான் அரங்கில் நடந்த இந்தோனேசியா மாஸ்டர்ஸ் போட்டியோடு இருவரும் ஒன்றாக ஓய்வுபெற்றனர்.