விடுபட்ட ஓர் எண்

மரக்காணம் உப்பளக் கரைப் பக்கத்தில் பிரம்மதேசம் என்று ஓர் ஊர் உண்டு. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் பிரம்மதேயம் என்ற பழஞ்சொல் எனக்கு நினைவுக்கு வரும். ஓர் ஊரின் நிலத்தை அந்தணர் பலருக்குப் பங்கிட்டுக் கொடுத்த காலத்தின் சொல் அது. பங்கு என்று வந்துவிட்டால் மீதி விழக்கூடாது, விழுந்தால் வழக்குத்தான். நம் முன்னோர் கலத்துக்கு 12 மரக்கால், நாளுக்கு 60 நாழிகை என்று வைத்தது எத்தனை சௌகரியம் பாருங்கள்! பன்னிரண்டு மரக்காலை இருவர், மூவர், நால்வர், அறுவர், எவர் வந்தாலும் சண்டையின்றிப் பிரித்துக் கொள்ளலாம். பத்து மரக்காலாக இருந்தால் மூவர் வந்த அன்றே தகராறு.

12க்கு ஆறு வகுத்திகள். அதற்குச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு இல்லை. 60க்குப் பன்னிரண்டு, அதற்குச் சிறியவற்றில் எதற்கும் அத்தனை இல்லை. கிரேக்க ஞானி பிளேட்டோ தம் லட்சிய நகரத்துக்கு 5040 குடிகள் என்று விதித்ததும் இந்தச் சௌகரியத்துக்காகத்தான். இவ்வாறு தன்னிலும் சிறிய எண்கள் அனைத்தையும் வகுத்திகளின் தொகையில் மிஞ்சும் எண்களை ஆராய்ந்தார், கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன்.

எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர்; சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவர். 1914ல் கப்பலேறிய அவர், மறு ஆண்டே லண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் இதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜ் 1916ல் அவருக்குப் பட்டம் அளித்ததும் இதற்காகத்தான். யுத்த காலம், கழகத்தில் பணமுடை, கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. அது முழுதும் வெளிவந்தது 1997ல்!

அச்சான அட்டவணையில் 102 எண்கள். கடைசி எண் 6746328388800. இதைப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5ம் 7ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை வரும். 2ஐ ஒரு முறையும் எடுக்காமல் விடலாம், ஆறு முறை வரையும் எடுக்கலாம். ஆக ஏழு வழி. அப்படியே மற்றவற்றுக்கும் எண்ணி, 7, 5, 3, 3, பிறகு ஐந்து 2கள் என்று பெருக்கினால், வகுத்திகள் 10080.

இந்த எண்ணை 23ஆல் வகுங்கள். 293318625600 கிடைக்கும். அதற்கு 5040 வகுத்திகள். பிளேட்டோவின் அதே எண்! இதுவும் அட்டவணையில் இருந்திருக்க வேண்டிய எண்தான். ஆனால் அங்கே அது இல்லை.

இது ராமானுஜனுக்குக் குறையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாமகிரித் தாயார் கனவில் சொன்னாள், அவர் எழுதினார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பக்தியிலே, சிலேட்டில் எழுதி எழுதி முழங்கையால் அழித்த மனிதனின் உழைப்பு மறைந்து போகிறது. தெய்வம் சொல்லியிருந்தால் ஒன்றும் விடுபட்டிராது. 102 எண்களைக் கண்டு ஒன்றை விட்டவன் மனிதன். முப்பத்திரண்டு வயதில், 1920ல், சேத்துப்பட்டில் மறைந்த மனிதன். அவனைத்தான் நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். வகுத்தல் தெரிந்த எந்தப் பிள்ளையும் அந்த 23ஐப் போட்டுப் பார்க்கலாமே!