முகம்மது அலி வாலாஜாவும் உம்தத்துல் உமராவும்

முகம்மது அலி வாலாஜா (1717–1795) ஆற்காடு நவாபாகக் கர்நாடகப் பகுதியை ஆண்டவர். உம்தத்துல் உமரா (1748–1801) அவருடைய மூத்த மகன், வாரிசு. பட்டம் ஆற்காட்டின் பெயரில் இருந்தாலும் அந்த ஆட்சி உயிர்பிழைத்த ஊர் திருச்சிராப்பள்ளிதான். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி மெயின்கார்டு கேட் வழியாகக் கடைவீதிக்குப் போகிறவர்கள், முற்றுகைகளைத் தாங்கிய பழைய கோட்டையின் மேற்கு வாசலைத்தான் கடக்கிறார்கள்.

முகம்மது அலி மூத்த மகன் அல்லர். தந்தை அன்வருதீன் 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் மாண்டார். அண்ணன் மாபூஸ் கான் பகைவரிடம் சிறைப்பட, தம்பி திருச்சிக்குத் தப்பி வந்தார். அந்தப் பகைவரான சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரர் துணையோடு நவாபானார். 1730களில் ராணி மீனாட்சியிடமிருந்து திருச்சியைப் பறித்தவரும் இவரே. ஐதராபாத் நிஜாம் நாசிர் ஜங் முகம்மது அலிக்குப் பெருந்துணையாக இருந்தார். 1750 டிசம்பரில் கடப்பை, கர்நூல், சவனூர் ஆகியவற்றை ஆண்ட ஆப்கானிய நவாப்கள், நம் பேச்சில் பட்டாணியர், சதி செய்து செஞ்சி அருகே அவரைக் கொன்றார்கள். கர்நூல் நவாப் இம்மத் கான் சுட்ட குண்டு, திருச்சிக் கோட்டையைத் தவிர வேறு புகலிடம் இல்லாத நிலைக்கு முகம்மது அலியைத் தள்ளியது.

1751இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் கோட்டையை வளைத்தனர். முற்றுகையைத் தளர்த்த, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். அடுத்த ஆண்டு கும்பினித் தளபதி லாரன்சும் கிளைவும் திருச்சிக்கு வரவே, பிரெஞ்சுத் தளபதி லா காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கினார். அரங்கன் கோயிலும் திருவானைக்காவும் பாசறைகளாயின. கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் கிளைவ் நின்றுகொண்டதால் புதுச்சேரியிலிருந்து உதவி வரும் வழி அடைபட்டது. 1752 ஜூனில் லா சரணடைந்தார். தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பி வெளியே வந்த சந்தா சாகிபின் தலை துண்டிக்கப்பட்டது.

அந்த வெற்றியில் ஒரு கறை உண்டு. மைசூரின் உதவியைப் பெறுவதற்காக முகம்மது அலி திருச்சியையே தருவதாக ரகசியமாக வாக்களித்திருந்தார். வென்றதும் தர மறுத்தார். மைசூர்த் தளபதி நஞ்சராஜர் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய, 1754 வரை இந்த ஊர் மறுபடி பசியையும் பீரங்கியையும் பார்த்தது. வாலாஜாவின் வரலாற்றைச் சொல்லும் பாரசீக நூல் ‘துசுக்கே வாலாஜாஹி’ திருச்சியை நத்தர் நகர் என்றே அழைக்கிறது. மதுரை சாலையில் உள்ள நத்ஹர்வலி தர்காதான் அந்தப் பெயருக்குக் காரணம். சந்தா சாகிப் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். 1795 அக்டோபரில் சென்னையில் இறந்த வாலாஜாவின் உடலும் பின்னர் அங்கே கொண்டுவரப்பட்டது.

‘வாலாஜா’ பட்டத்தை முகலாயப் பேரரசர் ஷா ஆலம் 1765இல் வழங்கினார். அதற்குள் நவாப் கும்பினியாரின் கடனாளி. 1768இல் சென்னையில் அவருக்குச் சேப்பாக்கம் அரண்மனை எழுந்தது. 1769இல் சென்னைக்கு வந்த ஓவியர் டில்லி கெட்டில், நவாபையும் ஐந்து மகன்களையும் ஒரே படத்தில் வரைந்தார். ஆனால் அந்தக் குடும்பத்துக்குள் அவ்வளவு நெருக்கம் இல்லை. தந்தையின் பிரியமும் நிர்வாகமும் இரண்டாவது மகன் அமீருல் உமராவிடம் இருந்தன. 1788இல் அவர் இறந்த பிறகே மூத்தவருக்கு வழி தெளிவானது.

உம்தத்துல் உமரா ஆண்டது 6 ஆண்டுகளுக்கும் குறைவு. நாட்டின் பகுதிகளை ஒப்படைக்கக் கேட்ட சென்னை ஆளுநர் ஹோபர்ட்டிடம் அவர் அசைந்துகொடுக்கவில்லை. தந்தை கும்பினியோடு செய்த 1792 ஒப்பந்தத்தை அவர் பிடித்துக்கொண்டு நின்ற விதம் தந்தையிடம் காணாத உறுதி. 1799இல் மைசூரின் திப்பு சுல்தானுடைய ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும், திப்புவுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்ததாகத் தந்தை மீதும் மகன் மீதும் கும்பினியார் குற்றம் சாட்டினார்கள். அதற்குக் காட்டிய சான்றுகள் மிக மெலிந்தவை. 1801 ஜூலை 15 அன்று அவர் இறந்தபோது சேப்பாக்கம் அரண்மனையைக் கும்பினிப் படை சூழ்ந்திருந்தது. அப்போதைய சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ், திருச்சிக்குத் துணை வந்த ராபர்ட் கிளைவின் மகன்.

உம்தத்துல் உமராவின் மகன் அலி உசேன் ஆட்சியைக் கைமாற்றும் ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. அவரை ஒதுக்கிவிட்டு, அமீருல் உமராவின் மகன் அசீம் உத் தௌலாவை எட்வர்ட் கிளைவ் நவாபாக்கினார். ஜூலை 31 ஒப்பந்தப்படி புதிய நவாபுக்கு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. திருச்சி உள்ளிட்ட நாடு கும்பினிக்கு. அலி உசேன் 1802இல் இறந்தார்.