நோய்த்தணிப்பு மருத்துவம்: நிபுணர்கள் நகரத்தில், நோயாளிகள் வீட்டில்

கடுமையான நோயால் வரும் வலி, மூச்சுத்திணறல், குமட்டல், தூக்கமின்மை, மனக்கலக்கம் ஆகியவற்றைக் குறைத்து, நோயாளியையும் குடும்பத்தையும் தாங்கிப் பிடிக்கும் மருத்துவமே நோய்த்தணிப்பு மருத்துவம். ஆங்கிலத்தில் இதை ‘பேலியேட்டிவ் கேர்’ என்றும், மலாயில் ‘பெராவாத்தான் பாலியாத்திஃப்’ என்றும் சொல்வார்கள். புற்றுநோயாளிகளுக்கு மட்டுமே உரியது என்று பலர் நினைக்கிறார்கள். சிறுநீரகம், இதயம், நுரையீரல் பழுதடைந்தவர்களுக்கும், பக்கவாதத்தாலும் மறதி நோயாலும் படுத்த படுக்கையானவர்களுக்கும் இது தேவைப்படலாம். கடைசி வாரம்வரை காத்திருக்காமல், மற்ற சிகிச்சைகள் நடக்கும்போதே இதையும் தொடங்கலாம்.

உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தப் பராமரிப்பு தேவைப்படுகிறது என்றும், அவர்களில் சுமார் 14 விழுக்காட்டினருக்கே அது கிடைக்கிறது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

மலேசியாவில் தொடக்கம்

நாட்டில் இந்தப் பணியை முதலில் கையில் எடுத்தவை தொண்டு அமைப்புகள். 1991-இல் கோலாலம்பூரில் ‘ஹோஸ்பிஸ் மலேசியா’ தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் முதல் பிரிவு 1995-இல் சபா, கோத்தா கினபாலுவின் குயின் எலிசபெத் மருத்துவமனையில் அமைந்தது. 2005-இல் சுகாதார அமைச்சு இதைத் தனி மருத்துவத் துறையாக அங்கீகரித்தது. 2019 முதல் 2030 வரைக்கான தேசிய நோய்த்தணிப்புக் கொள்கையும் நடப்பில் உள்ளது.

ஆனால், நிபுணர் ஒருவர் உருவாக நீண்ட காலம் பிடிக்கும். ஐந்தாண்டு மருத்துவப் படிப்பு, இரண்டாண்டு ஹவுஸ்மன்ஷிப், அதன்பின் உள்மருத்துவ நிபுணராகத் தேர்ச்சி, அதற்கும் மேல் மூன்றாண்டு சிறப்புப் பயிற்சி. இந்தத் துறையைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவர்களும் குறைவு. அதனால்தான் துறை அங்கீகாரம் பெற்று இத்தனை ஆண்டுகள் ஆகியும் நாட்டில் நிபுணர்களின் எண்ணிக்கை நூறைத் தொடவில்லை. தேவையோ வளர்ந்துகொண்டே போகிறது. 2030-இல் சுமார் 2 லட்சத்து 39 ஆயிரம் மலேசியர்களுக்கு இந்தப் பராமரிப்பு தேவைப்படும் என்று உள்நாட்டு ஆய்வு ஒன்று கணித்துள்ளது.

கெலாங் பாத்தாவிலிருந்து பார்த்தால்

எண்ணிக்கை ஒரு பாதிச் சிக்கல்தான். இருப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது மறுபாதி. நிபுணர்கள் பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் மாநிலங்களின் பெரிய மருத்துவமனைகளிலும் பணியாற்றுகிறார்கள். ஜொகூரில் புற்றுநோய்க்கான அரசு மையம் ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை. கெலாங் பாத்தாவிலிருந்து அது 30 கிலோமீட்டருக்கு மேல். நடமாட முடிந்தவருக்கு அது ஒரு நாள் அலைச்சல். படுக்கையில் இருப்பவரை வலியோடு காரில் ஏற்றி இறக்குவது குடும்பத்துக்கே பெரும் சோதனை.

பிள்ளைகள் இரண்டாம் பாலம் வழியாக சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் வீடுகள் இப்பகுதியில் நிறைய. விடியும் முன் கிளம்பி இருட்டிய பின் திரும்புகிறவர்களால் அடிக்கடி விடுப்பு எடுக்க முடியாது. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் வயதான துணைவியாரோ மருமகளோதான். நிபுணர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், இரவு இரண்டு மணிக்கு வலி கூடும்போது அருகில் இருப்பது இவர்களே.

ஐரோப்பிய நோய்த்தணிப்புச் சங்கம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: 1 லட்சம் மக்களுக்கு ஒரு வீட்டுப் பராமரிப்புக் குழு. 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி ஜொகூரில் 40 லட்சம் பேர். அந்தக் கணக்கில் மாநிலத்துக்கு 40 குழுக்கள் வேண்டும். 17 லட்சம் பேர் வாழும் ஜொகூர் பாரு மாவட்டத்துக்கு மட்டும் 17 குழுக்கள். இத்தனை குழுவுக்கும் ஒவ்வொரு நிபுணர் வரும்வரை காத்திருந்தால் ஒரு தலைமுறையே கடந்துவிடும்.

கேரளமும் தமிழ்நாடும்

நிபுணர்கள் குறைவாக உள்ள இடத்தில் என்ன செய்யலாம் என்பதற்குக் கேரளம் நல்ல உதாரணம். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். இராஜகோபால், சுரேஷ்குமார் உள்ளிட்டோர் சிறிய அளவில் தொடங்கிய பணி, பின்னர் ஊர் ஊராகத் தன்னார்வலர்களைப் பயிற்றுவிக்கும் இயக்கமாக விரிந்தது. 2008-இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கை அறிவித்தது. இன்று பஞ்சாயத்துகளின் பொறுப்பில் பயிற்சி பெற்ற தாதியர் வீடு தேடிச் செல்கிறார்கள். மருத்துவர் அவர்களுக்குப் பின்னால் நின்று வழிநடத்துகிறார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டிலேயே நோய்த்தணிப்புப் பராமரிப்பு இடம்பெறுகிறது.

இவை காட்டும் வழி எளிது. நிபுணர் ஒருவர் நூறு நோயாளிகளை நேரில் பார்ப்பதைவிட, நூறு கிளினிக் மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் கற்றுக்கொடுத்தால் பயன் பல மடங்கு. சிக்கலான நோயாளிகள் மட்டும் நிபுணரிடம் போனால் போதும். நிபுணர் எங்கே என்று கேட்பதோடு, பக்கத்து சுகாதாரக் கிளினிக்கில் இதில் பயிற்சி பெற்றவர் யார் என்றும் சமூகம் கேட்க வேண்டும்.

மார்பின் பற்றிய பயம்

கடும் வலிக்கு வாய்வழி மார்பின் முக்கிய மருந்து. அது 1952-ஆம் ஆண்டு அபாயகர மருந்துகள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் பெற முடியும். “மார்பின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார்”, “மார்பின் என்றாலே முடிவு நெருங்கிவிட்டது” என்ற பயத்தில் சில குடும்பங்கள் மருந்தைக் கொடுக்காமல் வைத்துவிடுகின்றன. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அது வலியைத்தான் குறைக்கும். மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் போன்ற பக்கவிளைவுகள் வரலாம். அவற்றை மருத்துவரிடம் சொல்லிச் சரிசெய்யலாம். மருந்தைத் தானாக நிறுத்துவதும் அளவைக் கூட்டுவதும் கூடாது.

குடும்பங்கள் செய்யக்கூடியவை

* சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் ‘பாலியாத்திஃப்’ குழுவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். கேட்காமல் கிடைக்காமல் போவதும் உண்டு.

* படுக்கையில் உள்ளவர்களுக்காக சுகாதாரக் கிளினிக்குகள் வழி ‘பெராவாத்தான் டோமிசிலியாரி’ எனும் வீட்டுப் பராமரிப்புச் சேவை நடத்தப்படுகிறது. கெலாங் பாத்தா கிளினிக்கில் இதைப் பற்றி விசாரிக்கலாம்.

* ஜொகூர் பாரு நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சங்கம் போன்ற தொண்டு அமைப்புகளையும் அணுகலாம்.

* வலி எப்போது வருகிறது, பத்துக்கு எத்தனை, எந்த மருந்துக்குக் குறைகிறது என்று ஒரு சிறு நோட்டில் எழுதி வைக்கலாம். மலாயோ ஆங்கிலமோ சரளமாக வராத முதியவர்களுக்கு அந்த நோட்டே மருத்துவரிடம் பேசும்.

* கோயில்களும் சமூக அமைப்புகளும் தன்னார்வலர் பயிற்சிக்கு இடம் கொடுக்கலாம். மருந்து வாங்கி வருவது, இரண்டு மணி நேரம் நோயாளியுடன் இருந்து பராமரிப்பவரைத் தூங்கவிடுவது போன்றவற்றுக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை.