பாட்டரி மாறும், வண்டி வாழும்

தமிழர் திரளாக வாழும் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில், பழுதான உறுப்பை மாற்றி வண்டியை ஓட்டும் வழக்கத்தை நாம் நன்கறிவோம். மின்காருக்கும் இது பொருந்துமா? இந்நகர வரலாறே விடை கூறுகிறது.

இம்முறை பழையது. 1897இல் நியூயார்க் மின் வாடகை வண்டிகள், தீர்ந்த பாட்டரியை நிலையத்தில் இறக்கி, நிரம்பியதை ஏற்றிக்கொண்டு புறப்பட்டன.

2001இல் சேதன் மைனியின் முயற்சியால் 'ரேவா' மின்கார் பெங்களூரில் விற்பனைக்கு வந்தது. எஃகுச் சட்டத்தின்மேல் பிளாஸ்டிக் பலகைகள் பூட்டப்பட்டிருந்தன. எட்டுக் காரீய அமில பாட்டரிகள் அதை இயக்கின. சில ஆண்டுகளில் அவை தேய்ந்துவிடும். மாற்றும் செலவு உரிமையாளரைச் சார்ந்தது. 2009இல் அதே உடலில் லித்தியம் பாட்டரி பொருத்திய வகை வெளிவந்தது. உடல் நிலைத்தது, உயிர் புதிதாயிற்று. 2010இல் அந்நிறுவனத்தின் பெரும்பங்கு மகிந்திராவிடம் சென்றது. பின்னர் ரேவா உற்பத்தி நின்றது. 2017இல் மைனி, பாட்டரி மாற்று நிலையங்களை அமைக்கும் 'சன் மொபிலிட்டி'யைக் கூட்டாகத் தொடங்கினார்.

எனினும் ஒருவர் பாட்டரி மற்றொருவர் வண்டிக்குப் பொதுவாகப் பொருந்துவதில்லை. 2022 ஏப்ரலில் நிதி ஆயோக் வெளியிட்ட வரைவுக் கொள்கை, இருசக்கர, முச்சக்கர வண்டிகளுக்கு இப்பொருத்தத்தை வலியுறுத்தியது. அளவு பொதுவானால், சிறு பட்டறைக்காரரும் பழுது பார்க்கலாம்; எளியோரின் வண்டியும் நெடுநாள் ஓடும். இல்லையேல் வாங்கியவர் ஒரே நிறுவனத்தின் தயவில் காத்திருக்க நேரும். நம் தொழிலாளர் நலன் இதில் அடங்கியிருப்பதை நாம் மறத்தலாகாது.