வடிசாலையில் பிறந்த வெப்ப விதி

வைகை அணையைக் காண வரும் மாணவர்கள், மதகுகளிலிருந்து நீர் பாய்வதைப் பார்த்து மகிழ்வர். "கீழே விழுந்த நீர் சற்றே சூடாகியிருக்குமா?" என்று அவர்களைக் கேட்டால் சிரிப்பர். ஆனால் இதே கேள்வியை ஆராய்ந்த ஒருவர் இயற்பியலின் போக்கையே மாற்றினார். அவர் பேராசிரியர் அல்லர். பீர் வடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர்.

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1818-இல் இங்கிலாந்தின் சால்போர்டு நகரில் பிறந்தார். பீர் வடிப்பதில் வெப்பநிலையே உயிர்நாடி. முளைகட்டிய பார்லியை ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்தால், அதிலுள்ள நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும். சூடு மிகுந்தால் நொதிகள் அழியும். பின்னர் வடித்த சாற்றை ஹாப்ஸ் பூவுடன் கொதிக்க வைப்பர். எனவே வடிப்பவருக்கு வெப்பமானி இன்றியமையாதது.

வடிசாலையின் நீராவி எந்திரத்துக்குப் பதிலாக மின்மோட்டாரைப் பயன்படுத்தலாமா என்று ஜூல் ஆராய்ந்தார். மின்கலத்தில் கரையும் துத்தநாகம் நிலக்கரியைவிட மிகுந்த செலவு வைத்தது. முயற்சி பயன் தரவில்லை. ஆயினும் அந்த ஆய்வின் வழியே ஓர் உண்மை கிடைத்தது. கம்பியில் தோன்றும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் நேர்விகிதத்தில் இருக்கும் என்று 1840-இல் அவர் கண்டார். இன்று மின்சாரக் கலனில் தேநீருக்கு வெந்நீர் காய்வது இவ்விதிப்படியே.

அடுத்து, எடைகள் கீழிறங்கும்போது சுழலும் துடுப்பால் நீரைக் கலக்கி, அதன் சூட்டை அளந்தார். உழைப்பும் வெப்பமும் ஒன்றே என்ற அவர் கருத்தை 1843-இல் அறிஞர்கள் பொருட்படுத்தவில்லை. பாகையில் மிக நுண்ணிய பகுதியைக்கூட அளக்க முடியும் என்பதை அவர்களால் நம்ப இயலவில்லை. 1847-இல் ஆக்ஸ்போர்டில் இளைஞர் வில்லியம் தாம்சன் கருத்தூன்றிக் கேட்ட பின்னரே நிலை மாறத் தொடங்கியது. 772 அடி உயரத்திலிருந்து விழும் நீர் ஒரு டிகிரி பாரன்ஹீட் சூடாகும் என்பது ஜூலின் முடிவு.

இதை நம் அணையில் பொருத்திப் பார்ப்போம். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. அவ்வுயரத்திலிருந்து விழும் நீரின் ஆற்றல் முழுதும் வெப்பமானால், வெப்பநிலை ஏறத்தாழ 0.05 டிகிரி செல்சியஸ் உயரும். கை அறியாது, ஜூலின் வெப்பமானி அறியும்!

பிரிட்டனில் 1963-இல் வீட்டுப் பயன்பாட்டுக்கு பீர் வடிக்க உரிமம் வேண்டியதில்லை என்றாயிற்று. அங்கே பலர் தேநீர்க்கான மின்சாரக் கலனையே கொதிகலனாக மாற்றிக்கொண்டனர். (நம் மாநிலத்தில் உரிமமின்றி மது வடிப்பது குற்றம், கணக்கிடுவது குற்றமன்று.) 20 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு உயர்த்த ஏறத்தாழ 58 லட்சம் ஜூல் ஆற்றல் தேவை. 3 கிலோவாட் கலன் இதை அரைமணிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் தரும். அதே ஆற்றலைப் பெற, 71 அடியிலிருந்து சுமார் 27,600 லிட்டர் நீர், இழப்பு சிறிதுமின்றி, விழ வேண்டும்.

ஒரு கலன் வெந்நீருக்கு இத்தனை நீரா? ஆம். சுவிட்சைப் போடுவது எளிது. அதன் விலையை நமக்கு முதன்முதலில் எண்ணிக் காட்டியவர் அந்த வடிசாலைக்காரரே. ஆற்றலின் அலகு இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.